கருணாவுக்கு எடுத்து வைத்த பங்கு

தமயந்தியின் அப்பா ஒரு நாளைக்கு மூன்று முறை கை கழுவுவார் என்று சொன்னால் யாரும் வியக்க மாட்டார்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும் வாசல் குழாயடியில் நின்று, ஒரே மூச்சில் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவுவார் என்று சொன்னால்தான் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

முதல் முறை கைகள். இரண்டாம் முறை முகம், கழுத்து, காது மடல். மூன்றாம் முறை எல்லாவற்றையும் மறுபடி. பிறகு சட்டையைக் கழற்றி வேலிக் கம்பியில் போட்டுவிட்டு, கொல்லைப்புறமாகச் சுற்றிக் குளிக்கப் போவார். குளிக்கும் வரை முன் அறையில் கால் வைக்க மாட்டார்.

"நம்ம வீட்டுல அரிசிக்கு அடுத்தபடியா தீர்றது சோப்புதான்" என்பாள் அம்மா.

இத்தனையும் தம்பி கருணாவுக்காக. அவனுக்கு இளைப்பு. தூசி பட்டால் ஆகாது. இதில் சங்கடம் என்னவென்றால், கருணா அந்த வீட்டிலேயே இல்லை. இரண்டு மாதமாக உடுமலைப்பேட்டையில் சித்தி வீட்டில் இருக்கிறான்.

"இப்ப யாருக்காகப்பா இவ்வளவு கழுவுறீங்க?" என்று தமயந்தி ஒருநாள் கேட்டாள்.

அப்பா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழகிருச்சு அம்மணி" என்றார்.

பழக்கம் தமயந்தியையும் விடவில்லை. பாய் விரித்தால் இன்னமும் சுவர்ப்பக்கம் அவனுக்கு இடம் விட்டுத்தான் படுப்பாள். பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டாம் வகுப்பு வாசலில் போய் நின்றுவிட்டு, யாருக்காக நிற்கிறோம் என்று யோசித்துத் திரும்புவாள். அவன் இருந்தபோது அவள் பென்சிலைக் கடித்துத் துப்புவான். இப்போது அவள் பென்சில்களெல்லாம் முழுசாக இருந்தன. அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவன் எப்படி ஊருக்குப் போக நேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஸ்குவாஷைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நெய்வேலிக் குவார்ட்டர்ஸில் மே மாதம் வந்தால் யார் வீட்டில் பார்த்தாலும் முந்திரிப்பழம். காடாம்புலியூரில் பிறந்த பக்கத்து வீட்டுக் கண்ணகி அத்தை, ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் ஒரு கூடைப் பழத்தோடு வருவாள். கருணா உப்பைத் தொட்டுக்கொண்டு அவற்றைத் தின்று, சாற்றைச் சட்டையில் ஒழுகவிட்டு, அம்மாவிடம் திட்டும் வாங்கிக்கொள்வான்.

போன வருஷம் அம்மா அந்தப் பழத்தில் இரண்டு பாட்டில் ஸ்குவாஷ் போட்டாள். முதல் பாட்டிலை அனைவரும் குடித்துத் தீர்த்தார்கள். இரண்டாவது பாட்டில் அலமாரியில் உட்கார்ந்து பொங்கிப் பொங்கி, ஒரு மத்தியானம் 'டமால்' என்றது. தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து, மைன்ஸில் வெடி வைத்துவிட்டார்கள் என்று சட்டையைத் தேடினார். மூடி கூரையில் மோதி விழுந்திருந்தது. அங்கே ஒரு மஞ்சள் கறை உண்டானது. எத்தனை சுண்ணாம்பு அடித்தும் அது போகவில்லை.

இந்த வருஷம் அம்மா விடவில்லை. கண்ணகி அத்தையோடு மகளிர் மன்றத்து வகுப்பில் சேர்ந்தாள். ஸ்குவாஷ் கெடாமலிருக்க ஒரு வெள்ளைப் பவுடர் போட வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். நீளமான பெயர். பெண்கள் அதைச் சுருக்கி 'கே.எம்.எஸ். பவுடர்' என்றார்கள். அம்மா அளவு பார்த்துப் போட்டாள். பிறகு தலையைத் தூக்கிக் கூரைக் கறையைப் பார்த்தாள். இன்னும் ஒரு சிட்டிகை போட்டாள்.

பன்னிரண்டு பாட்டில்கள். ஒன்றுகூடப் பொங்கவில்லை. செப்டம்பரில் மன்றத்து ஆண்டு விழாவில் அம்மாவின் ஸ்குவாஷுக்கு முதல் பரிசு. 'ராஜாம்பாள்' என்று பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அம்மா அதில் சாப்பிடவில்லை, யாரையும் சாப்பிடவும் விடவில்லை. ரேடியோ மேல் சாய்த்து வைத்திருந்தாள்.

அந்த வீட்டில் அப்பாவின் ஆஃப் நாள்தான் ஸ்குவாஷ் நாள். நால்வரும் ஒன்றாக இருக்கும் நாள் அது ஒன்றுதானே. அம்மா பாட்டிலைத் திறந்தால் தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு வாசனை சுருக்கென்று ஏறும். கருணா மூக்கைப் பொத்திக்கொண்டு, "எனக்கு முதல்ல, எனக்கு முதல்ல" என்பான். ஒரே மடக்கில் குடித்துவிட்டு அப்பாவின் தோளில் ஏறிக்கொள்வான். அப்பா அவனைச் சுமந்துகொண்டு பிளாக் முழுக்கச் சுற்றி வருவார்.

சுற்றி வந்து இறக்கிவிடும்போது கருணாவின் நெஞ்சில் விசில் கேட்கும். மூச்சு இழுக்கும். தோள்கள் ஏறி ஏறி இறங்கும். பேச முடியாமல் கண்களால் அக்காவைத் தேடுவான். தமயந்தி அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருப்பாள்.

சளி பிடித்தால் அவனுக்கு லேசாக இளைக்கும், அது முன்பிருந்தே உண்டு. இப்படி அடிக்கடி வந்தது இந்த ஜூன் மாதத்திலிருந்துதான். அதே ஜூனில்தான் அப்பாவை ஒர்க்‌ஷாப்பிலிருந்து மைன்ஸுக்கு மாற்றினார்கள். பழுப்பு நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வேலை. வீடு திரும்பும் அப்பாவின் புருவம்கூடப் பழுப்பாக இருக்கும்.

டாக்டரிடம் காட்டுவதற்காக, இளைப்பு வந்த நாளையெல்லாம் அம்மா காலண்டரில் வட்டம் போட்டு வந்தாள். ஒருநாள் அப்பா காலண்டர் முன் வெகுநேரம் நின்றார்.

"எல்லா வட்டமும் என் ஆஃப் நாள்லதான் வருது" என்றார்.

"அதுக்கு என்னங்க இப்போ?" என்றாள் அம்மா.

"மத்த நாள்ல அவன் என்கிட்ட வர்றதில்ல. ஆஃப் அன்னிக்குத்தான் நான் தூக்குறேன். கரித்தூசி என் உடம்புலயே ஊறிப்போச்சு ராஜாம்பாள். குளிச்சாலும் போகாது. என்னாலதான் புள்ளைக்கு வருது."

யாரும் அப்படிச் சொல்லவில்லை. அப்பாவேதான் கண்டுபிடித்தார், அப்பாவேதான் தீர்ப்பும் சொன்னார். அதன் பிறகு கருணாவைத் தொடுவதையே விட்டார். காலாண்டு விடுமுறையில் அவனை உடுமலைப்பேட்டைக்கு அனுப்பியபோது பஸ் ஸ்டாண்டில் பத்தடி தள்ளி நின்றே கையசைத்தார். "அப்பா ஏன் கிட்ட வரல?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து கருணா கேட்டது அவருக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

கருணா போன பிறகும் ஆஃப் நாளில் ஸ்குவாஷ் வந்தது. தம்பி இல்லாமல் அதைக் குடிக்கத் தமயந்திக்கு மனம் வரவில்லை. தம்ளரில் அம்மா ஸ்குவாஷ் ஊற்றியதும், "தண்ணி நான் கலந்துக்கிறேம்மா" என்று அடுக்களைக்குப் போவாள். தன் பங்கைக் கழுவி வைத்த டானிக் பாட்டிலில் ஊற்றி மூடுவாள். தம்பிக்கு.

ஐந்தாறு வாரத்தில் பாட்டில் நிறைந்தது. அப்போதுதான் அதே பிளாக்கிலிருந்த அய்யாசாமி மாமா லீவில் உடுமலைப் பக்கம் தன் ஊருக்குக் கிளம்பினார். கருணாவுக்கு ஸ்வெட்டரும் முறுக்கும் அம்மா கட்டிக்கொடுத்தாள். "ஒழுகுற சாமான் எதுவும் வைக்காதே கண்ணு, பாவம், அவர் பை வீணாயிடும்" என்று தமயந்தியிடம் ஒருமுறைக்கு இருமுறை சொன்னாள்.

தமயந்தி தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு, டானிக் பாட்டிலின் மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஸ்வெட்டரின் கைக்குள் திணித்தாள். பங்கு போய்ச் சேர வேண்டுமே என்ற கவலைதான் அவளுக்கு, பையைப் பற்றிய கவலை இல்லை.

பாட்டில் ஒழுகவில்லை. வேறொன்று நடந்தது.

நவம்பர் மாதக் கடைசி சனிக்கிழமை, சித்தியிடமிருந்து தடிமனான கவர் ஒன்று வந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவுக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"அன்புள்ள அக்கா, மாமாவுக்கு. இங்கு அனைவரும் நலம். கருணாவுக்கு இங்கு வந்ததிலிருந்து இளைப்பே இல்லாமல் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திடீரென்று வந்துவிட்டது. இதுவரை பார்க்காத இளைப்பு. மாட்டு வண்டி கட்டி டாக்டரிடம் தூக்கிப் போனோம். ஊசி போட்டபின் சரியாகிவிட்டது, பயப்பட வேண்டாம். இங்கே தூசி தும்பு கிடையாது, பத்து நாளாக மழை. அங்கே சேர்ந்த கரித்தூசி இன்னும் நெஞ்சுக்குள் தங்கியிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். இன்னும் ஒரு வருஷமாவது அவன் இங்கேயே இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டோம். டி.சி. அனுப்பினால் சேர்த்துக்கொள்வார்களாம்."

அப்பா கடிதத்தை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போய் டி.சி. வாங்கிடுறேன்" என்றார். "அம்மணி, உன் நோட்டுல ஒரு தாள் கிழிச்சுக் குடு. ஹெட்மாஸ்டருக்கு எழுதணும்."

தமயந்தி தாளைக் கிழித்துக் கொடுத்தாள். ஒரு வருஷம். கொடுத்த பிறகுதான் என்ன கொடுத்தோம் என்பது உறைத்தது. பிடுங்கிக்கொண்டு ஓடலாமா என்றிருந்தது.

கவருக்குள் இன்னொரு துண்டுக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. 'அக்காவுக்கு மட்டும்' என்று மேலே எழுதி எட்டாக மடித்திருந்தது. அம்மா அதைப் பிரிக்காமலே அவளிடம் நீட்டினாள்.

தமயந்தி ஜன்னலோரம் போய்ப் பிரித்தாள். ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் அளவு.

"அக்கா. ஸ்வெட்டர் கைக்குள் பாட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்தேன். மாட்டுக் கொட்டகைக்குப் போய் எல்லாத்தையும் குடித்தேன். தண்ணீர் கலக்கவில்லை. மாடு பார்த்தது. அதுக்கும் தரவில்லை. நான் எப்போ வருவேன்."

மாட்டைப் பற்றிப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடைசி வரியில் அழுகை வந்தது. இரண்டும் ஓய்ந்த பிறகு இரண்டாம் முறை வாசித்தாள். 'ஞாயிற்றுக்கிழமை' என்ற இடத்தில் அவள் கண் நின்றது.

சித்தி எழுதியதும் ஞாயிற்றுக்கிழமை. கருணா எழுதியதும் ஞாயிற்றுக்கிழமை.

சித்திக்குப் பாட்டிலைப் பற்றித் தெரியாது. அப்பா அம்மாவுக்கும் தெரியாது. இரண்டு காகிதத்தில் இருப்பதும் தெரிந்தது இந்த உலகத்திலேயே தமயந்தி ஒருத்திக்குத்தான்.

காலண்டரிடம் போனாள். ஜூனிலிருந்து ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தாள். மொத்தம் ஒன்பது வட்டங்கள். அப்பா சொன்னது சரிதான், எல்லாம் ஆஃப் நாளில்தான் இருந்தன. இல்லை, எல்லாம் இல்லை. செப்டம்பரில் ஒரு வட்டம் தனியாக நின்றது. அன்றைக்கு அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட் என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

அது என்ன நாள் என்று அவளுக்கு நினைவு வந்துவிட்டது. அம்மா பரிசு வாங்கிய நாள். மன்றத்துப் பெண்களெல்லாம் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா அனைவருக்கும் ஸ்குவாஷ் கலந்து கொடுத்தாள். கருணா இரண்டு தம்ளர் குடித்தான். அவர்கள் போவதற்குள் இளைப்பு வந்துவிட்டது. அன்று அப்பா மைன்ஸில் இருந்தார். தொடவும் இல்லை, தூக்கவும் இல்லை.

தமயந்தி அண்ணாந்து பார்த்தபோது கூரையில் மஞ்சள் கறை தெரிந்தது. போன வருஷமும் கருணா ஸ்குவாஷ் குடித்தானே? ஒரு பாட்டிலில் முக்கால்வாசி அவன் வயிற்றுக்குள்தானே போனது? அப்போது ஏன் வரவில்லை?

குடையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

கண்ணகி அத்தை முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னாடி பொண்ணு, மழையில நனைஞ்சிகினு வர்ற? வூட்டுக்குள்ள வந்து துவட்டு."

"அத்தை, போன வருஷ ஸ்குவாஷுக்கும் இந்த வருஷ ஸ்குவாஷுக்கும் என்ன வித்தியாசம்?"

"இன்னொரு பரிசு வாங்கப் போறீங்களா?" என்று அத்தை சிரித்தாள். தமயந்தியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "ஒண்ணும் வித்தியாசம் இல்லியே. ரெண்டு வருசமும் எங்க ஊரு மரத்துப் பழம்தான். சக்கரையும் அதே ரேஷன் சக்கரை. அந்தப் பவுடரு ஒண்ணுதான் புதுசு."

"கே.எம்.எஸ்.?"

"ஆமா. ஏன் கேக்கற? எங்க வூட்லயும் எல்லாரும் குடிச்சிகினுதான் இருக்கோம். ஒண்ணும் பண்ணலியே."

தமயந்திக்கு மறுபடி குழம்பியது. எல்லாரும் குடிக்கிறார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. பிறகு கருணாவுக்கு மட்டும் எப்படி? அத்தை வீட்டு மூலையில் அவர்கள் பூனை பால் குடித்துக்கொண்டிருந்தது. தன் வகுப்பில் பாப்பா என்ற பெண் இருப்பது அவளுக்கு நினைவு வந்தது. எல்லாரும் கத்தரிக்காய் தின்பார்கள். பாப்பா தின்றால் மட்டும் உடம்பெல்லாம் தடித்துப் போகும்.

வீட்டுக்குத் திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள். இப்போது சொல்ல வேண்டும். சொன்னால் அம்மா பேச்சை மீறிப் பாட்டில் அனுப்பியது தெரிந்துவிடும். தம்பியை வண்டி கட்டித் தூக்கிப் போனதே தன்னால்தான் என்பதும் தெரியும். துண்டுக் காகிதம் கையில்தான் இருந்தது. கிழித்து மழைத்தண்ணீரில் விட்டால் போய்விடும். யாருக்கும் தெரியாது.

யாருக்கும் தெரியாவிட்டால் கருணா அங்கேயே இருப்பான். அப்பா திங்கட்கிழமை டி.சி. வாங்கிவிடுவார்.

தமயந்தி உள்ளே போனாள். அப்பா அவள் கொடுத்த தாளில் 'ஐயா' என்று மட்டும் எழுதிவிட்டு, பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் துண்டுக் காகிதத்தை அந்தத் தாளின் மேல் வைத்தாள்.

"இதைப் படிங்கப்பா. படிச்சிட்டு என்னைத் திட்டுங்க. ஆனா டி.சி. வாங்காதீங்க."

அப்பா படித்தார். அம்மாவும் வந்து அவர் தோளுக்குமேல் எட்டிப் படித்தாள். தமயந்தி விடாமல் பேசினாள். நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாள். செப்டம்பர் வட்டத்தைச் சொன்னாள். கூரைக் கறையைக் காட்டினாள். கத்தரிக்காய்ப் பாப்பாவையும் விடவில்லை.

"அங்க தூசி இல்லப்பா. நீங்களும் இல்ல. ஸ்குவாஷ் மட்டும்தான் இருந்துச்சு, நான் அனுப்பினது."



"அப்ப, என் உடம்புல இருக்கிற தூசி இல்லையா?" என்றார் அப்பா.

"இல்லைன்னுதான் நினைக்கிறேம்ப்பா."

"நான் தூக்கினதால இல்லையா?"

"இல்லப்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு எதுவும் இல்லை.

அம்மா அலமாரியைத் திறந்து மீதமிருந்த மூன்று பாட்டில்களையும் எடுத்துத் தரையில் வைத்தாள். ரேடியோ மேலிருந்த தட்டைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நான்தான் என் புள்ளைக்கு ஊத்தி ஊத்திக் குடுத்திருக்கேன். போதாததுக்கு ஒரு சிட்டிகை கூடப் போட்டு" என்றாள்.

தமயந்தி ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஊத்திக் குடுத்தீங்க. நான் அனுப்பி வெச்சேன். அப்பா ஊருக்கே அனுப்பிட்டாரு. எல்லாரும் அவன் மேல ஆசைப்பட்டுத்தானம்மா செஞ்சோம்."

அம்மா அவளைத் திட்டவில்லை. முந்தானையால் அவள் ஈரத்தலையைத் துவட்டினாள். கொஞ்சம் பலமாகவே துவட்டினாள், அதைத் திட்டு என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. ஸ்குவாஷ் பாட்டில், பவுடர் பொட்டலம், காலண்டர் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு, மூவருமாக டாக்டர் துரைராஜிடம் போனார்கள். ஆணியிலிருந்து கழற்றிய காலண்டரோடு வந்த குடும்பத்தை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்.

டாக்டர் வட்டங்களைப் பார்த்தார். பொட்டலத்தின் மேலிருந்த பெயரைப் படித்தார்.

"யார் இதைக் கவனிச்சது?"

அப்பா தமயந்தியை முன்னால் தள்ளினார்.

"இந்தப் பவுடர் ரொம்பப் பேருக்கு ஒண்ணும் பண்ணாது" என்றார் டாக்டர். "ஜூஸ் கெடாம இருக்க எல்லா ஊர்லயும் போடுறாங்க. ஆனா இளைப்பு இருக்கிற சில பேருக்கு இது ஒத்துக்கறதில்லன்னு இப்பத்தான் வெளிநாட்டு டாக்டர்கள் எழுத ஆரம்பிச்சிருக்காங்க. உங்க பையன் அந்தச் சில பேர்ல ஒருத்தனா இருக்கலாம். பாக்காம உறுதியாச் சொல்ல மாட்டேன். கூட்டிட்டு வாங்க. இந்தப் பவுடர் போட்ட எதையும் குடுக்காதீங்க. குடுத்துப் பாக்கலாமேன்னு வீட்டுல சோதனையும் பண்ணாதீங்க."

"தூசி, டாக்டர்?" என்றார் அப்பா.

"தூசியும் நல்லதில்லதான். வேலை முடிஞ்சு வந்தா கழுவிட்டுப் புள்ளையைத் தூக்குங்க."

"எத்தனை தடவை கழுவணும்?"

டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. "ஒரு தடவைதான். ஏன்?"

அப்பா தமயந்தியைப் பார்த்தார். வரும் வழியெல்லாம் அவள் தோளில் கை வைத்தபடியே நடந்து வந்தார்.

அடுத்த வாரம் அம்மா உடுமலைப்பேட்டைக்குப் போய் கருணாவைக் கூட்டி வந்தாள். இரண்டு பஸ் மாறி அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. கருணா ஒரு சுற்றுப் பெருத்து, வெயிலில் கறுத்திருந்தான். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. வந்ததும் வராததுமாக அக்காவின் பென்சில் டப்பாவைத் திறந்து, ஒரு பென்சிலின் தலையைக் கடித்தான். தமயந்தி பார்த்துக்கொண்டே இருந்தாள், பிடுங்கவில்லை.

"அக்கா, என் பங்கு எங்க?" என்றான்.

அவள் எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தாள். அவன் முகர்ந்து பார்த்தான். "தீக்குச்சி வாசம் இல்லையே."

"இனிமே உனக்கு அது கிடையாது. உன் பங்கு தினமும் புதுசாத்தான்."

"தினமுமா?" என்று கேட்டு, ஒரே மடக்கில் குடித்தான். தமயந்தி அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். விசில் இல்லை. அவன் கூச்சம் தாங்காமல் நெளிந்தான்.

இரண்டரை மணிக்கு ஷிப்ட் பஸ்ஸின் சத்தம் கேட்டது. அப்பா தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர்போல் இல்லை, ஓடியே வந்தவர்போல் அவருக்கு மூச்சு வாங்கியது. கருணா வாசல்படியில் நிற்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு குழாயடிக்குப் போனார்.

கருணா படியிலேயே நின்றான். பத்தடி தள்ளி நின்ற அப்பா அவனுக்கு இன்னும் நினைவிருந்தது.

அப்பா சோப்பைக் குழைத்துக் கைகளைக் கழுவினார். முகம், கழுத்து, காது மடல் எல்லாவற்றையும் கழுவினார். பழுப்புத் தண்ணீர் ஓடித் தெளிந்தது. அவர் கை மறுபடியும் சோப்புக்குப் போனது.

தமயந்தி இறங்கிப் போய் அந்தச் சோப்பை எடுத்துக்கொண்டாள்.

"ஒரு தடவைன்னுதானப்பா டாக்டர் சொன்னாரு."

அப்பா தன் ஈரக் கைகளைப் பார்த்தார். வேலிப் பக்கம் திரும்பிச் சட்டையைக் கழற்றிப் போட்டார். பிறகு கருணாவைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினார். "வா சாமி" என்றார்.

கருணா படியிலிருந்தே தாவினான். அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மாட்டைப் பற்றியும், விழுந்த பல்லைப் பற்றியும், வண்டி கட்டிக்கொண்டு போனதைப் பற்றியும் ஒரே மூச்சில் சொன்னான். அப்பா ஒன்றையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மூச்சு சீராக வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"புள்ளை சட்டையெல்லாம் ஈரம், ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்று அம்மா கூப்பிட்டாள். யாரும் போகவில்லை. அப்பா அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, பிளாக்கை ஒரு சுற்றுச் சுற்றக் கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சோப்பு சீக்கிரம் தீர்வதில்லை. பென்சில்தான் தீர்ந்துகொண்டே இருந்தது.